சொட்டு அத்தான் செய்த கை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பெயர் சொட்டு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கூசாமல் திரும்பிப் பார்ப்பார். லாரியின் பின்பெட்டியைத் தூக்கிக் கொட்டுகிற ஜாக்கி, மண் அள்ளும் வண்டியின் கை, குப்பை வண்டியில் குப்பையை நசுக்குகிற பலகை, இப்படி எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற எது படுத்துக்கொண்டாலும் அந்தப் பட்டறைக்குத்தான் வரும். அத்தான் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்து மூடினார் என்றால் உடனே கொடுத்துவிட மாட்டார். பாரத்தை ஏற்றி நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மறுநாள் காகிதத்தில் ஒரே ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் போச்சு, மறுபடி முழுவதையும் பிரிப்பார். வண்டிக்காரர் வாசலில் நின்று கத்துவார். முதலாளி, "ஒரு சொட்டுதானேப்பா, போற வழியில காஞ்சிடும்" என்று கெஞ்சுவார். அத்தான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, கை கழுவாமல் ஸ்பேனர் தேடினார். "மாப்பிள்ளையா வந்தாரா, குழாய் ரிப்பேருக்கு வந்தாரா?" என்று நான் அக்காவின் காதைக் கடித்தேன். "ரெண்டும் ஒரே ஆளா கிடைச்சா லாபம்தானேடி" என்றாள் அக்கா. பேச்சில் அவளை யாரும் மடக்க முடியாது. என்னுடைய கல்யாணம் சீக்கிரமே முடிந்துபோன கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். அதற்கப்புறம் நான் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக உள்ளங்கை வியர்க்க வண்டியைத் தெருவுக்கு எடுப்பார்கள். அக்கா அவர்களிடம் குரலை உயர்த்தவே மாட்டாள். சேர்த்து வைத்து வீட்டில் எங்களிடம் உயர்த்துவாள். ஒருத்தி இறங்கி அடுத்தவள் ஏறி சீட்டை முன்னால் இழுத்துப் போடுவதற்குள் டீயைக் குடித்து முடித்திருப்பாள், கொதிக்கக் கொதிக்க, இரண்டு மடக்கில். அவள் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை, காலித் தட்டைத்தான் பார்த்திருக்கிறோம்.

ஒருநாள் ஒரு மாணவிக்குக் கியர் மாற்றிக் காட்டும்போது கை பிடியிலிருந்து நழுவியது. அன்றைக்கு வியர்வை என்று சொன்னாள். பிறகு சீப்பு நழுவியது, சாவி திரும்ப மறுத்தது, சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அவளுக்கு அழுகை வந்தது. டாக்டர் நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருமாம். புத்திக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். அது ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார் போலிருக்கிறது.

"அடுத்து எது போகும் டாக்டர்?" என்று அத்தான் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"சொன்னீங்கன்னா முன்னாடியே ஏதாவது பண்ணி வச்சுடுவேன்" என்றார் அத்தான், வண்டிக்கு உதிரிப் பாகம் வாங்கி வைக்கிறவர் மாதிரி. டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே எழுந்து யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

இரண்டு கையும் மடியில் கிடக்கிற நிலை வந்ததும் ஊட்டிவிடுவது எங்கள் வேலையாயிற்று. நான் கரண்டியை எடுத்தால் கடைக்கு நேரமாகிறது என்று வேகவேகமாக வாயில் திணிப்பேன். அத்தான் ஒவ்வொரு வாய்க்கும் நடுவே துடைத்து, ஊதி, ஆறியதா என்று பார்த்து, மறுபடி துடைப்பார். "நீ ஊட்டினா பந்தயம், அவர் ஊட்டினா தவம்" என்றாள் அக்கா. சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்:

"எனக்கு வேணுங்கறப்ப ஒரு வாய் டீ. வேணாங்கறப்ப வேணாம். அவ்வளவுதான் நான் கேக்கறது. அதுக்கு இன்னொருத்தர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?"

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது அத்தான் வாசலில் நின்று, "பெரிய சைஸ் ஊசிக் குழல் எத்தனை கிடைக்கும்?" என்று கேட்டார். "ஊசி வேணாம், குழல் மட்டும். சலைன் ஏத்துற டியூபும் வேணும்" என்றார்.

கூடத்தில் சாப்பாட்டு மேஜை பட்டறையானது. மண் அள்ளும் வண்டியின் கை எப்படி நீளுகிறதோ, அதே முறைதான் என்று எங்களுக்கு விளக்கினார். தண்ணீரோ எண்ணெயோ நிரப்பிய இரண்டு ஊசிக் குழல்களை டியூபால் இணைத்தால், ஒன்றை அமுக்கும்போது மற்றது நீளும். நீளுகிற குழல் கையின் மூட்டில் இருக்கும். அமுக்குகிற குழலை மனிதர் அமுக்க வேண்டாம், ஒரு மோட்டார் மரை போட்ட கம்பியைச் சுழற்றி அமுக்கும். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பழைய மோட்டார்கள் பட்டறையில் நிறையக் கிடந்தன. ஓட்டை ஏணியின் அலுமினியச் சட்டத்தை அறுத்துத் தோள், முழங்கை, மணிக்கட்டு செய்தார். மணிக்கட்டில் ஒரு கப்பைக் கவ்விப் பிடிக்கிற வளையம். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சின்ன நெம்பு, விரல் நுனியால் தள்ளினால் போதும். அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு அப்போது உயிர் இருந்தது.

முதல் தப்பை அவரால்தான் செய்ய முடியும், வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். குழல்களில் எண்ணெய் ஊற்றினார். பட்டறையில் லாரிக்கு ஊற்றுகிற அதே நல்ல எண்ணெய். "தண்ணி போதாதா?" என்று கேட்டதற்கு, ஏதோ அவர் குடும்பத்தைத் திட்டிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "தண்ணியை வச்சு எவனாவது ஜாக்கி ஓட்டுவானா?" கை முதல் நாள் அழகாக நீண்டது. மறுநாள் திணறியது. அடுத்த வாரம் அசையவே இல்லை. ஊசிக் குழலுக்குள் இருக்கிற ரப்பர் மருந்துக்காகச் செய்தது, எண்ணெயைக் குடித்து ஊதிப்போய்க் குழலுக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தால் ரப்பர் குழலோடு ஒட்டிக்கொண்டு தண்டு மட்டும் கையோடு வந்தது.

அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், வழுக்குவதற்குக் கொஞ்சம் கிளிசரின். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் கை நடுங்கும் என்று ஒவ்வொரு குமிழியாகச் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றினார். எல்லாம் முடிந்து கை நன்றாக நீண்டு, மடங்கி, கப்பைச் சாய்த்தது. நான் கைதட்டினேன். அவர் மேஜை மேல் வெள்ளைக் காகிதத்தை விரித்தார்.

"அத்தான், இது அக்காவுக்கு. லாரிக்கு இல்ல" என்றேன்.

"அவளுக்குத்தான் ஒழுகுறதைக் குடுக்கணுமா?"

காலையில் காகிதத்தில் ஈரம். பிரித்தார். டியூபை இறுக்கிப் பிடிக்கிற கவ்விகளை மாற்றினார். மறுபடி காகிதம், மறுபடி ஈரம். நான் மாடியில் இருந்து இறங்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். என் வாயில் வராத வசவெல்லாம் வரும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "விடுடி, அவர் எனக்கு நிச்சயமானப்பவும் இப்படித்தான் யோசிச்சு யோசிச்சு வந்தாரு" என்பாள்.

கடைசியில் காகிதம் காய்ந்த நாள் வந்தது. அத்தான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அக்காவின் விரல் நுனியை எடுத்து நெம்பின் மேல் வைத்தார். "தள்ளு" என்றார். அக்கா தள்ளினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, தோள் எழும்பியது, விரல் மட்டும் அப்படியே கிடந்தது, அடுத்த விரலும் அப்படியே. எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை, கடைசியாக அந்த விரல்களை எதற்கும் பயன்படுத்தி நாளாகிவிட்டது. அத்தான் நெம்பைத் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு, தளர்த்திடறேன்" என்றார். தளர்த்தினார். ஊதினால் விழுகிற அளவுக்குத் தளர்த்திய பிறகும் விரல் தள்ளவில்லை.

அடுத்தது கால். அக்காவுக்குக் கால் நன்றாக இருந்தது, இத்தனை வருஷம் மிதித்துப் பழகிய கால். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நெம்பு என்பதை விட்டுவிட்டு, இரண்டே மிதிகள் வைத்தார். வலதை அமுக்கினால் மோட்டார்கள் வரிசையாக ஓடி, கை எழும்பி, நீண்டு, கப்பை உதட்டில் வைத்துச் சாய்க்கும். இடதை அமுக்கினால் வந்த வழியே திரும்பும். காலை எடுத்தால் இருக்கிற இடத்தில் நிற்கும். ஒழுகலைச் சோதிக்கும்போது தான் தனியாக இயக்கிப் பார்ப்பதற்கு, நீண்ட வயரில் அதே வேலையைச் செய்கிற இரண்டு பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டியும் செய்து நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டார். இதற்கும் காகிதம் விரித்தார். இதற்கும் பிரித்தார். ஆனால் கால் காத்திருந்தது.

அந்த மாலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்கா வலது மிதியை அமுக்கினாள். மோட்டார் முனகியது. கப் மேஜையிலிருந்து எழும்பி, ஆடாமல் அசையாமல், அவள் முகத்தை நோக்கி வந்தது. உதட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது காலை எடுத்தாள். கை நின்றது. ஆவி அவள் மூக்கில் பட்டது. அத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அக்கா எங்கள் இருவரையும் நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது மிதியை அமுக்கிக் கப்பைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"ஏன், என்னாச்சு? சூடா இருக்கா?" என்று அத்தான் பதறினார்.

"இப்ப வேணாம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். எத்தனையோ மாதமாக வேண்டாம் என்பதை அவள் யாரிடமும் கெஞ்சாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கப்பை வரவழைத்துக் குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. அண்ணாந்தால் தொண்டையில் அடைக்கிறது என்றதும், தலையைத் தூக்காமலே குடிக்க வசதியாக, கப்பின் விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு ஒரு பிறை போல வெட்டிக் கொடுத்தார் அத்தான். கடையிலிருந்து நான் கொண்டுவந்த பொடியைக் கலந்து, புரை ஏறாமல் இருக்க டீயைக் கொஞ்சம் கெட்டியாக்கினோம். அந்த நாட்களில் மாலை டீ எங்கள் வீட்டில் ஒரு காட்சி. அக்கா கப்பை இழுத்தடிப்பாள், பாதியில் நிறுத்துவாள், வேண்டுமென்றே எங்களைக் காக்கவைப்பாள். பட்டறை முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு, "சொட்டு, நீ இனிமே ஜாக்கி பக்கம் வரவே வேணாம்யா, கப்பல்ல போய்ச் சேரு" என்றார்.

ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தான் வருவதற்கு முன் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. வெளியாட்களுக்கு அவள் பேச்சு புரியாது, எனக்குப் புரியும். அத்தானுக்குப் பாதி புரியும், மீதியை அவராகவே நல்லபடியாக நிரப்பிக்கொள்வார்.

"கால் வரலை" என்றாள்.

"அத்தான் வரட்டும், சொல்லிடலாம்" என்றேன்.

"சொல்லாத. பின்னாடி பெட்டி தொங்குது பாரு. அதை எடு. நீ அமுக்கு."

"பைத்தியமா உனக்கு?"

"நான் எத்தனை பேருக்கு அமுக்கியிருக்கேன். பிரேக்கை நான்தான் மிதிப்பேன். வண்டி நின்னதும் 'பாத்தியா, நிறுத்திட்டே'ன்னு சொல்லுவேன். அவளுங்க மூஞ்சில எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"அவங்க அடுத்த வாரம் தானா ஓட்டினாங்க. இது அப்படியா?"

அக்கா பேச்சை மாற்றினாள். "ராத்திரி தூங்கறாருடி அவரு. இந்தக் கை வந்த அப்புறந்தான் தூங்கறாரு."

அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தனக்கு வேண்டும்போது ஒரு வாய் டீ. அதை அவள் தன் புருஷன் தூங்க வேண்டும் என்று விட்டுக்கொடுத்தாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை இன்னும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நான் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அமுக்கினேன். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அக்காவின் கண் தெரியும். மேலே பார்த்தால் வா, மூடினால் போ. அத்தான் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். பயமே வேண்டியிருக்கவில்லை. கை ஓடும்போது அவர் பார்ப்பதெல்லாம் மூட்டையும் டியூபையும்தான். அக்காவின் கால் பக்கம் அவர் குனிந்ததே இல்லை. "என்னமா ஓடுது பாத்தியா" என்பார். "ஆமாங்க" என்பாள் அக்கா. நான் பெட்டியின் மேல் துண்டை இன்னும் இழுத்து மூடுவேன்.

ஆனால் கால் போனால் கழுத்துக்கும் நாள் நெருங்கும் என்று எனக்குத் தெரியாதா? தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நிமிர்த்த அவளுக்கு அப்போது முடிந்தது. நைசாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"அத்தான், தாடையால அமுக்கற மாதிரி ஒரு சுவிட்சும் செஞ்சு வச்சா என்ன?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். அப்படி ஒன்றை அவரே செய்ய ஆரம்பித்து, பலகையும் கம்பியும் அறுத்து, கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"கால்தான் நல்லா இருக்கே" என்றார். "இதுக்கு நடுவுல அதைச் செஞ்சா, இதுவும் போயிடும்னு நானே சொல்ற மாதிரி இருக்காது?"

வாய்வரை வந்துவிட்டது எனக்கு. கண்ணாடியில் அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்த்துப் பேச நான் சின்ன வயதிலிருந்தே கற்றுக்கொள்ளவில்லை. நாளைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று தினமும் கடைக்குப் போவேன், தினமும் வந்து துண்டுக்கு அடியில் பெட்டியை எடுத்துக்கொள்வேன். அதற்குள் அக்காவின் பேச்சு முழுக்க நின்றுபோனது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை மூடித் திறந்தால் இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

கடையில் சரக்கு சரிபார்க்கிற நாள் ஒன்று வந்தது. மாலை ஐந்துக்கு வர வேண்டியவள் இருட்டிய பிறகுதான் வந்தேன். வழியெல்லாம் ஓடினேன் என்றே சொல்லலாம்.

கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் துண்டுதுண்டாகக் கிடந்தது அந்தக் கை. மோட்டார்கள் ஒரு பக்கம், ஊசிக் குழல்கள் ஒரு பக்கம், தரையெல்லாம் தண்ணீர். நடுவில் அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்து, மிதியின் அடிப் பலகையைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே நாற்காலியில். அவள் கண் சிவந்து கிடந்தது.

"சாயங்காலத்துல இருந்து ஓடவே இல்ல" என்றார் அத்தான், நிமிராமல். "சுவிட்சான்னு கேட்டேன், இல்லங்கறா. மோட்டாரான்னு கேட்டேன், இல்லங்கறா. டியூபு, வயரு, கம்பி, கரண்டு, ஒவ்வொண்ணா கேட்டுட்டேன். எல்லாத்துக்கும் இல்ல இல்லங்கறா. பிரிச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவ கண்ணு சொல்றது எனக்குத்தான் சரியா புரியலையோ என்னமோ."

அவள் அத்தனை நேரமும் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் கேட்டால் அல்லவா?

"அவ காலைக் கேட்டீங்களா?" என்றேன். குரல் என்னையறியாமல் கத்தலாக வந்தது. "பூமியில இருக்கிற எல்லாத்தையும் கேட்டீங்களே, காலான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முட்டியாலேயே நகர்ந்து அவள் அருகில் போய், அவள் பாதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது ஈரத் துணி மாதிரி அவர் கையில் படிந்தது.

"காலா?" என்று கேட்டார்.

அக்கா கண்ணை மூடினாள். திறக்க நெடுநேரம் ஆயிற்று.

"எப்ப இருந்து?" இந்தக் கேள்வி எனக்கு.

"கப்புல மூக்குக்கு வெட்டிக் குடுத்தீங்களே. அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு."

"அப்ப கழுத்து நல்லா இருந்துச்சே."

"ஆமா."

திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் ஒரு துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தார். கையைத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தார். மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையையும் கம்பியையும் எடுத்தார். இந்த முறை காகிதம் விரிக்கவில்லை. டியூபில் ஒரு மூட்டு சொட்டிக்கொண்டிருந்தது, நானே பார்த்தேன், அவரும் பார்த்தார், ஒரு டம்ளரை அடியில் வைத்துவிட்டு மேலே வேலையைத் தொடர்ந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தாடைச் சுவிட்ச் ஒன்றுதான். அமுக்கினால் கப் வரும், விட்டால் திரும்பும். நாற்காலியில் இருந்து வளைந்து வருகிற கம்பியின் முனையில், அக்காவின் தாடைக்கு நேர் கீழே வைத்தார். அதற்குள் அவள் தலையை நேராக நிறுத்த நெற்றியில் ஒரு பட்டை கட்ட வேண்டியிருந்தது. பட்டையைத் தளர்த்தி, "அமுக்கு" என்றார்.

அவள் முயற்சி செய்வது கண்ணில் மட்டும் தெரிந்தது. தாடை சுவிட்சில் பட்டு நின்றது, சுவிட்ச் இறங்கவில்லை. "ஸ்பிரிங் கெட்டி" என்று அத்தான் சன்னமானது ஒன்று மாற்றினார். பேனாவில் இருப்பது போன்ற ஸ்பிரிங். அதுவும் இறங்கவில்லை. அதைப் பாதியாக வெட்டினார். பிறகு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டார். இரண்டு தகடுகள், நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி, அவ்வளவுதான். மேஜையில் கப்பில் டீ வைத்தார். நெற்றிப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

தகடு தொட்டது. மோட்டார் முனகியது. கை எழும்பி, நீண்டு, கப்பை அக்காவின் உதட்டில் கொண்டுபோய் வைத்துச் சாய்த்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு பாரு!" அத்தான் குழந்தை மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். டீ அக்காவின் உதட்டில் கொஞ்சம், தாடையில் கொஞ்சம், மீதி மடியில் இறங்கியது. காலியான கப் அங்கேயே நின்றது. திரும்பவில்லை.

"நீதானே அமுக்கினே?" என்று அவளிடம் கேட்டார்.

அக்கா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

எனக்குத் தெரியும், அது பொய். பட்டை போனதும் தலை தன் பாரத்தில் தானே முன்னால் தொங்கிவிட்டது. தகட்டை அமுக்கியது அந்தப் பாரம். அத்தான் சிரித்த முகத்தோடு இன்னும் கொஞ்சம் நேரம் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலை அக்காவின் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். கை திரும்பிப் போனது. விரலை எடுத்தார். தலை விழுந்தது, கை வந்தது. தூக்கினார், போனது. எடுத்தார், வந்தது. அதற்கு மேல் அவர் சோதிக்கவில்லை. நான் ஓடிப்போய் அக்காவின் நெற்றியைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"டீ எல்லாம் கொட்டிப்போச்சு" என்றார் அத்தான். "வேற போட்டுட்டு வரேன்."

சமையலறைக்குள் போனார். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பாத்திரம் எடுக்கும் சத்தமும் வரவில்லை. மோட்டாருக்கான பிளக் எதிர்ச் சுவரில் இருந்தது, நெற்றிப் பட்டையைக் கட்ட இரண்டு கையும் வேண்டும், எதைச் செய்யப் போனாலும் அக்காவின் தலையை விட வேண்டும். விட்டால் அந்தக் கை மறுபடி வரும். அத்தானைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை இரண்டு முறை மூடித் திறந்தாள்.

கூப்பிடவில்லை. என் கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.